ஊடுபுள்ளி

ஆயுத பூஜையன்று அப்பா பூசணிக்காயின் தலையில் ஒரு மூடி வெட்டுவார். சின்னச் சதுரம். நான்கு பக்கமும் கத்தியைச் சாய்த்து இறக்குவதால் மூடி உள்ளே விழாது. குங்குமமும் சில்லறைக் காசும் போட்டபின் எடுத்த மாதிரியே திரும்ப உட்காரும், வெட்டிய இடம் தெரியாது. ஆவடி டேங்க் பேக்டரியில், டூல் ரூமில் வேலை செய்த கை அது. நானும் தம்பியும் அந்த மூடியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்ப்போம். அப்புறம் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் ஓங்கி உடைத்துவிடுவார். அன்று சாயங்காலம் பட்டாபிராமில் சி.டி.எச். ரோடு நெடுக வெள்ளையும் சிவப்புமாகக் கிடக்கும். உடைப்பதற்கென்றே வாங்கிய காயில் மூடி எதற்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று நான் அவரைக் கேட்டதில்லை.

கல்யாணமான பிறகும் நான் பட்டாபிராமிலேயேதான் இருந்தேன், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். 2009 வாக்கில் ஆரத்தித் தட்டு, சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்துகொடுக்கத் தொடங்கினேன். கற்கண்டை அடுக்கி லிங்கம், முந்திரியில் மயில், மஞ்சள் பூசிய தேங்காயில் பிள்ளையார். பகலில் வீட்டு வேலை, இரவில் தட்டு வேலை. முகூர்த்த மாதங்களில் கைச்செலவுக்குப் போக ஒரு சீட்டும் கட்ட முடிந்தது.

2012இல் திருமுல்லைவாயிலில் ஒரு ரிசப்ஷன். இருபத்தோரு தட்டு என்னுடையது. தட்டுகளை மேடையருகே வைத்துவிட்டுத் திரும்பினால், பந்திக்குப் போகும் வழியில் மேஜைமேல் ஒரு தர்பூசணி. முழுப் பழமும் ஒரே பூவாக விரிந்திருந்தது. இதழ் நுனியில் பச்சை கலந்த வெள்ளை, அடிக்குப் போகப் போக ரோஸ், நடுவில் ரத்தச் சிவப்பு. எதையும் ஒட்டவில்லை, குத்தவில்லை, சாயம் பூசவில்லை. அத்தனையும் பழத்துக்குள் ஏற்கெனவே இருந்த நிறம். நான் தட்டுகளில் ஒட்டிய கல்லும் ஜரிகையும் அன்று எனக்கு அலுத்துப்போயின. கேட்டரிங்காரர் கூட்டிவந்த பையன்தான் செய்தானாம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஓட்டல் ஒன்றில் வேலை செய்யும்போது ஒருவரைப் பார்த்துக் கற்றேன், அவர் தாய்லாந்து போய்க் கற்று வந்தவர் என்றான்.

மறு வருஷம் சீட்டு எடுத்தேன். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து பாங்காக், பட்டாயா என்று ஆறு நாள் டூர் போவதாக இருந்தது. நாத்தனாரும் நானும் அதில் சேர்ந்தோம். மற்றவர்கள் பட்டாயா போன மூன்று நாளும் நாங்கள் பாங்காக்கிலேயே தங்கிவிட்டோம். அவள் பிரதுனாம் துணிச் சந்தைக்குப் போனாள். நான் கத்தி பிடிக்கப் போனேன்.

பாக் க்லோங் தலாட் என்பது பாங்காக்கின் பூச்சந்தை. சாவ் பிரயா ஆற்றோரம். நம் கோயம்பேடு மாதிரி விடிய விடிய இயங்கும். தாமரை மொட்டும், சாமந்தியும், ரப்பர் பேண்டு போட்ட மல்லிகைச் சரமும் மலை மலையாகக் கிடக்கும். அதற்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டின் கீழ்த்தளத்தில் வகுப்பு. ஆசிரியைக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஐம்பது ஆங்கிலச் சொற்கள் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘க்ரூ’ என்று கூப்பிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். க்ரூ என்றால் தாய் மொழியில் ஆசிரியர். நம் ‘குரு’தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. அது தெரிந்ததும் என் படபடப்பில் பாதி அடங்கியது.

கத்தி சின்னது. அலகு இரண்டு அங்குலம்தான், கீரைத் தண்டு அகலம்கூட இல்லை, நுனி ஊசி. விரலால் அழுத்தினால் வளையும். பேனா மாதிரி பிடிக்க வேண்டும், மோதிர விரலும் சுண்டு விரலும் காயின்மேல் ஊன்றியே இருக்க வேண்டும். ஊன்றிய விரல் நழுவினால் கத்தியும் நழுவும். முதல் நாள் காலை முழுக்க வெள்ளரிக்காயில் இலைதான். நடு நரம்பு, பக்க நரம்பு, ஓரத்தில் ரம்பப் பல். பதினோரு இலை செய்தேன், பதினொன்றையும் க்ரூ திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கோபம் இல்லை. “ச்சா ச்சா” என்று மட்டும் சொன்னார். மெதுவாக, மெதுவாக.

பிற்பகல் காரட்டில் பூ வந்தபோது மணிக்கட்டு வலித்தது. நான் கத்தியைக் காயைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். க்ரூ என் வலது கையைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். இடது கையை எடுத்துக் காரட்டைத் திருப்பிக் காட்டினார். கத்தி நிற்கும், காய் வரும். அட, அருவாமனை! ஏழு வயதிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதானே. கால் மடக்கிப் பலகையை அழுத்திக்கொண்டு, நிற்கிற அலகை நோக்கிக் காயை இரண்டு கையாலும் நகர்த்துவாள். கத்தரிக்காயைக் காம்பு விடாமல் நாலாக வகிர்வாள், வாழைப்பூவைப் பொடிப்பொடியாக நறுக்குவாள். அலகு இருந்த இடத்திலேயே இருக்கும். கத்தியும் கட்டிங் போர்டும் வந்தபின் மறந்துபோன அந்தப் பழக்கம் என் இடது கையில் எங்கோ மிச்சம் இருந்திருக்கிறது. மறுபடி வெள்ளரிக்காயை எடுத்துச் செய்த பன்னிரண்டாவது இலையை க்ரூ ஓரமாக வைக்கவில்லை. ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார்.

ஐஸ் தண்ணீர் இந்த வேலையில் பாதி. செதுக்கிய காரட்டும் முள்ளங்கியும் குளிர்ந்த நீரை இழுத்துக்கொண்டு விறைக்கும், மூடியிருந்த இதழ்கள் தாமாக விரியும். மிளகாயைக் கீறிப் போட்டால் கண்முன்னே சுருண்டு பூவாகும். அதே முள்ளங்கி வில்லையை உப்பு நீரில் போட்டால் நீர் வெளியேறித் துவளும், மடித்து ரோஜா செய்யலாம். கொய்யாவும் ஆப்பிளும் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு. பழுத்த பப்பாளி உதவாது, செங்காய் வேண்டும். இதெல்லாம் நம் வீட்டு அடுப்படி அறிவுதான். வெட்டிய வாழைக்காயை மோரில் போடுகிறோமே, அதன் உறவு.

இரண்டாம் நாள் தர்பூசணி. முதலில் மேல் தோலைச் சீவி வெள்ளையை வெளியே கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் மொட்டு, மொட்டைச் சுற்றி இதழ். இதழை வெட்டுவது பாதி வேலைதான். அதன் பின்னால் இருக்கும் சதையைச் சாய்வாக ஒரு கீற்று எடுத்தால்தான் இதழ் நிமிர்ந்து நிற்கும். ஓர் இதழுக்கு இரண்டு வெட்டு. முதல் வெட்டில் உருவம், இரண்டாவதில் நிழல். எனக்கு இதழ் வந்தது, பூ வரவில்லை. இரண்டாவது சுற்று போனால் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டது. மூன்றாவது சுற்றில் எல்லாம் குழம்பி, எந்த இதழ் எந்தச் சுற்று என்றே தெரியவில்லை.

க்ரூ ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து புள்ளி வைத்தார். அடுத்த வரிசையை ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக வைக்காமல், இரண்டு புள்ளிக்கு நடுவில் வைத்தார். அதற்கடுத்த வரிசை மறுபடி நடுவில். என்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன்: “ஊடுபுள்ளி!”

மார்கழியில் நாங்கள் போடும் கோலத்தில் இரண்டே கணக்குதான். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. நேர்ப்புள்ளியில் வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும், கட்டம் வரும். ஊடுபுள்ளியில் அடுத்த வரிசை இடைவெளியில் போய் உட்காரும். 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்றால் நடுவில் பதினைந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் முடியும், அறுகோணமாகப் பூவும் நட்சத்திரமும் பின்னிக்கொள்ளும். க்ரூவின் காகிதத்தில் அதே 15-8ஐ வைத்துக் கோடு இழுத்துக் காட்டினேன். அவர் காகிதத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்துத் தன் கத்திப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் என் தர்பூசணியில் நாலு சுற்று நின்றது.

கழிவு என்று க்ரூ எதையும் எறியவில்லை. பரங்கிக்காயில் செதுக்கி எடுத்த சீவல்களைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் பனைவெல்லம் போட்டு மூன்று மணிக்குக் கிண்ணத்தில் கொடுத்தார். நம் பால் பாயசத்துக்கும் பரங்கிக்காய்ப் பால் கூட்டுக்கும் நடுவில் ஒரு ருசி.

தின்றுகொண்டே கதையும் சொன்னார். அந்தக் கதை தாய்லாந்தில் எல்லாருக்கும் தெரியும். சுகோதாய் அரசின் காலத்தில் நாங் நொப்பமாட் என்ற அரண்மனைப் பெண், ஆற்றில் விளக்கு மிதக்கவிடும் திருவிழாவுக்காகப் பூக்களாலும், பழத்தில் செதுக்கிய பறவைகளாலும் ஒரு மிதவை செய்தாளாம். அரசன் மயங்கி, இனி எல்லாரும் இப்படியே செய்யட்டும் என்றானாம். அந்தக் கதையைச் சொல்லும் நூல் 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றாய்வாளர் கருத்து. ஆனால் இந்தக் கலை அரண்மனைப் பெண்களின் கையில் வளர்ந்தது உண்மை. பெரிய குடும்பத்துப் பெண்களை அந்தப்புரத்துக்கு அனுப்புவார்கள். சமையல், பூத்தொடுத்தல், பழம் செதுக்குதல் மூன்றையும் அங்கே கற்பார்கள். 1932இல் மன்னரின் முழு அதிகாரம் முடிந்தது. இன்று இந்தக் கலை அரண்மனைக்கு வெளியே, பள்ளியிலும் தொழிற்கல்லூரியிலும் பாடம். விளக்கு மிதக்கும் அந்த லோய் க்ராத்தோங் இரவு, சில ஆண்டு நம் ஐப்பசிப் பௌர்ணமியில் வரும், சில ஆண்டு திருக்கார்த்திகையை ஒட்டி வரும்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. நான் போனபோது வாசலில் ஐந்தாறு இளம்பெண்கள் தட்டுகளோடு மண்டியிட்டிருந்தார்கள். ‘வை க்ரூ’, ஆசிரியரை வணங்கும் நாள். தாய்லாந்துப் பள்ளிகளில் ஜூன் மாதத்தில், வியாழனன்று நடக்கும். வியாழன் குருவுக்குரிய கிழமை என்று அவர்களும் வைத்திருக்கிறார்கள். தட்டை எட்டிப் பார்த்தேன். அறுகம்புல். கத்தரிப்பூ. இட்லிப்பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையாருக்கு வைக்கிற அறுகும், தோட்டத்துக் கத்தரிச் செடியில் யாரும் பறிக்காத பூவும், எங்கள் தெருவில் வேலிக்கு வேலி பூக்கும் இட்லிப்பூவும் கடல் கடந்து ஒரு தட்டில் இருந்தன. ஒரு பெண் விளக்கினாள்: மிதித்தாலும் பரவும் புல் மாதிரி படிப்பு பரவ வேண்டும். கத்தரிப்பூ தலை குனிந்தே இருக்கும், அது பணிவு. இட்லிப்பூவுக்கு அவர்கள் மொழியில் ஊசி என்று பெயர், மொட்டு கூர்மையாக இருப்பதால். அது அறிவின் கூர்மை. நான் வெறுங்கையோடு போயிருந்தேன். அவளே தன் தட்டிலிருந்து ஒரு கொத்து எடுத்து என் கையில் கொடுத்தாள். அதை வைத்து நம் ஊர் வழக்கப்படி க்ரூவின் காலில் விழுந்தேன்.

கிளம்பும்போது க்ரூ ஒரு கத்தி கொடுத்தார், மரப்பிடி போட்டது. அதைக் கைப்பையில் வைத்திருந்தேன். பெட்டியில் வைக்க வேண்டும் என்ற நினைவே இல்லை. விமான நிலையச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கடமை அது, தவறு என்னுடையது. மூன்றரை மணி நேரப் பயணம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

அப்பா அப்போது ஓய்வு பெற்றுப் பல வருஷம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எப்படி இருந்துச்சு, வரைஞ்சு காட்டு கண்ணு” என்றார். நாள்காட்டித் தாளின் பின்னால் வரைந்தேன். நீளம், அகலம், எங்கே வளையும், எங்கே வளையக் கூடாது. மறுநாள் ஒரு பழைய ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு, தெரிந்த லேத் பட்டறைக்குப் போய் கிரைண்டரில் பிடித்தார். இரண்டு விநாடி பிடிப்பார், தண்ணீரில் முக்குவார். மறுபடி இரண்டு விநாடி. “நுனியில நீலம் பாய்ஞ்சா பதம் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் அது இரும்பு, கத்தி இல்ல.” வீட்டுக்கு வந்து ஆயில் ஸ்டோனில் ஒரு மணி நேரம் தேய்த்தார். பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொடுத்தார். க்ரூவின் கத்தியை விட இது என் கைக்கு நன்றாகப் படிந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, க்ரூவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பயிற்சிக்கு நான் நாளொன்றுக்கு ஒரு பரங்கியும் அரைக் கிலோ காரட்டும் எடுத்தேன். அவள் அருவாமனையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்ப்பாள். “திங்கிற பொருளை ஏண்டி இப்படி கொதறுற?” ஒரு நாள் பொறுக்காமல் சொன்னாள்: “பூசலார் கல்லு மண்ணு ஒண்ணுமில்லாம மனசுக்குள்ளயே கோயில் கட்டலையா? நீயும் காயில்லாம ஒரு தபா செஞ்சு பாரு. அப்புறம் காயைத் தொடு.”

திருநின்றவூர் எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி. பூசலார் நாயனார் கதையைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் வளராது. பொருள் இல்லாததால் மனத்துக்குள் அடித்தளம் தோண்டி, கல் அடுக்கி, விமானம் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாள். சிவபெருமான் மன்னன் கனவில் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றாராம். அங்கே இருதயாலீஸ்வரர் என்று கோயில் இருக்கிறது. அம்மா காய் செலவைக் குறைக்கத்தான் சொன்னாள். ஆனால் க்ரூவும் கத்தியைத் தொடுமுன் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் வெறுமனே உருட்டுவார். அம்மா சொன்னபடி செய்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு கண்ணை மூடி முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டுவரை போவேன். நடுவில் குழம்பினால் முதலிலிருந்து. மனத்தில் தடங்கிய இடத்தில்தான் மறுநாள் கையும் தடங்கியது. காய்ச் செலவு உண்மையிலேயே பாதியானது.

முதல் ஆர்டர் 2014 ஏப்ரலில். நான்கு தர்பூசணி. அப்போதெல்லாம் திண்டிவனம் பக்கத்திலிருந்து லாரி லாரியாகப் பழம் வந்து ரோட்டோரம் குவியும், பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். காலையில் அவசரம் வேண்டாமே என்று முதல் நாள் இரவே செதுக்கி முடித்தேன். அந்த இரவில் கரண்ட் போய்விட்டது. ஈரத் துணி போட்டு மூடியிருந்தும், விடிகாலையில் இதழ்களைத் தொட்டால் வழுவழுத்தன, லேசாகப் புளித்த வாசம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகூர்த்தத்துக்குள் இரண்டு பழம் புதிதாகச் செதுக்கி வைத்தேன், கை நடுக்கத்தோடு. ‘ஜாய் யென்’ என்று க்ரூ அடிக்கடி சொல்வார், குளிர்ந்த மனசு என்று பொருள். நமக்கு மனம் குளிர்வது சந்தோஷத்தில். அவர்களுக்கு அது பதறாமல் இருப்பது. அதன் அர்த்தம் எனக்கு அந்த மண்டபத்துச் சமையல்கட்டில்தான் விளங்கியது. அதற்குப் பிறகு விசேஷத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்னால் எந்தப் பழத்திலும் கத்தி வைத்ததில்லை, மீன் கடை ஐஸ் கட்டி இரண்டு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பியதும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு நூலை எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சளில் தோய்த்திருந்தாள். “உன் பூ ஒரு பக்கம் சாயுது, அதான் கண்ணுக்கு நிக்கல” என்றாள். காம்பிலிருந்து கீழ் முனை வரை நூலைப் பிடித்து அழுத்தினாள். பழத்தில் மஞ்சள் கோடு விழுந்தது. குறுக்கே இன்னொன்று. பாதி, அதில் பாதி, எட்டு பாகம். பிறகு ஈர்க்குச்சியால் கோட்டின்மேல் ஒரு வரிசை புள்ளி, கோட்டுக்கு நடுவில் ஒரு வரிசை. உருண்டையின்மேல் ஊடுபுள்ளி. தரையில் அறுபது வருஷம் போட்டவள் பழத்தில் போட ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து புள்ளி அவளுடையது, வெட்டு என்னுடையது. செதுக்கிய துண்டுகளும் அவளுடையவை. தர்பூசணி வெள்ளையில் கூட்டு, பரங்கிச் சீவலில் அடை.

2017 அக்டோபரில் மன்னர் பூமிபோலின் இறுதிச் சடங்கு. போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். சிதை மேடைக்கு வாழை மட்டையிலும், காய் பழத்திலும் செதுக்கி, பூத்தொடுத்து அலங்கரித்திருந்தார்கள். அந்த ஒரு சடங்குக்காக எத்தனை பேர் எத்தனை நாள் பயின்றிருப்பார்கள்! வாழை மட்டை வேலைக்குத் தனிப் பெயர், தனிக் கத்தி. கலைஞர் ஒருவர் மட்டையில் கத்தியைக் குத்திக் குத்தி இழுத்துக்கொண்டே போனார், வரிசையாகப் பல் பல்லாக விழுந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “திரும்பப் போடு.” மூன்று தடவை பார்த்தார். “கையைத் திருப்பவே இல்ல பாரு. மேலே போகும்போதும் வெட்டுது, கீழே வரும்போதும் வெட்டுது. ரெண்டு பக்கமும் கூர்.” விசாரித்தேன், அவர் சொன்னது சரி. அந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்தான். அடுத்த வாரம் எனக்கு அப்படி ஒன்று செய்துகொடுத்தார். அவர் செய்த கடைசிக் கத்தி அது. 2019இல் போய்விட்டார்.

தட்டுகளில் இப்போது கல் ஒட்டுவதில்லை, சீர்வரிசையில் பழத்தட்டு மட்டும்தான். பட்டாபிராமில் டைடல் பார்க் வந்தபின் ஆபீஸ் விழாக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். ஆக்ஸா பிளேடு கத்தி தேய்ந்து பாதி அகலமாகிவிட்டது. அப்பாவின் ஆயில் ஸ்டோனில் நானே தீட்டுகிறேன், அவரை மாதிரியே எண்ணெய் தொட்டுத் தொட்டு.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆகி, இன்னொன்று பாக்கி. நூல் பிடிக்கக் கை நடுங்குவதால் இப்போது புள்ளியும் நானே வைக்கிறேன். முடித்ததும் பழத்தை அவள் மடியில் வைத்துவிட வேண்டும், அது சட்டம். போன தை மாதம் திருநின்றவூர்க் கல்யாணத்துக்குச் செதுக்கிய பழத்தை அப்படி வைத்தேன். விரல் நுனியால் மொட்டைத் தொட்டாள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது.

“இது ஊடுபுள்ளியில உக்காரலடி. நேர்ல நிக்குது.”

குனிந்து பார்த்தேன். அரிசி மணி அளவு விலகல். வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து, அவள் மடியில் இருக்கும்போதே, இதழுக்குப் பின்னால் இன்னொரு கீற்று எடுத்தேன். அவள் பழத்தை என் கத்திப் பக்கம் மெல்லத் திருப்பிக்கொடுத்தாள்.